கோகரணம் சூழ்ந்த கால்கள்

"கோலக் கோபுரக் கோகரணம் சூழாக் கால்களால் பயன் என்" என்று திருவங்கமாலையில் கேட்கிறார் அப்பர் சுவாமிகள். தலை, கண், செவி என்று உறுப்பு உறுப்பாகச் சொல்லி வரும் அந்தப் பதிகத்தில் கால்களுக்கு அவர் காட்டுகிற ஊர் காவிரிக் கரையில் இல்லை. மேற்குக் கடலோரம், இன்றைய கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் இருக்கிறது. என் அத்தை தினமும் விளக்கேற்றியதும் பாடுவது இந்தப் பதிகத்தைத்தான். முழங்கால் வலி முற்றுவதற்குள் கோகர்ணத்தைச் சுற்றி வந்துவிட வேண்டும் என்று நெடுநாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். அவரை அழைத்துக்கொண்டு கிளம்பினேன்.

புதுக்கோட்டையிலும் ஒரு திருக்கோகர்ணம் உண்டு. பிரகதாம்பாள் கோயில் கொண்ட அழகான ஊர். ஆனால் தேவாரப் பாடல் பெற்றது இந்தக் கடலோரக் கோகர்ணம். துளுவ நாட்டில் பாடல் பெற்ற தலம் இது ஒன்றே. ஞானசம்பந்தர் இங்கே நேரில் வரவில்லை. திருக்காளத்தியில் இருந்தபடியே கோகரணத்தைப் பாடினார் என்கிறார் சேக்கிழார். நமக்கோ ரயில் இருக்கிறது. மங்களூரிலிருந்து கொங்கண் ரயிலில் ஏறினால் உடுப்பி தாண்டி, ஹொன்னாவரில் 2 கிலோமீட்டருக்கும் மேல் நீளமான சராவதிப் பாலத்தைக் கடந்து கோகர்ணா ரோடு நிலையத்தில் இறங்கலாம். அங்கிருந்து ஊருக்கு ஆட்டோ கிடைக்கும்.

இங்கே வழிபாட்டுக்கு ஒரு வரிசை இருக்கிறது. முதலில் கடல் நீராட்டு, அடுத்து மகாகணபதி, அதற்கப்புறம்தான் மகாபலேசுவரர். விடிந்தும் விடியாத நேரத்தில் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு அலையில் இறங்கினேன். கோயிலிலிருந்து கடல் சில நிமிட நடைதான். ராவணனின் தாய் கைகசி மணலில் லிங்கம் பிடித்து பூசை செய்ய, அலை வந்து அதைக் கரைத்துவிட்டதாம். தாயின் வருத்தம் பொறுக்காத மகன், சிவனிடமிருந்து ஆத்மலிங்கத்தையே வாங்கி வருகிறேன் என்று கயிலைக்குப் போனான். இந்தக் கதையை அலைக்குள் நின்று நினைக்கும்போது ராவணன் மேல் ஒரு பரிவு வந்துவிடுகிறது. அவன் கேட்டது அம்மாவுக்காக.

லிங்கம் கிடைத்தது. வழியில் எங்கும் தரையில் வைக்கக் கூடாது என்பது நிபந்தனை. திருமால் சக்கரத்தால் சூரியனை மறைக்க, மாலை வந்துவிட்டதென்று எண்ணிய ராவணன் சந்தியாவந்தனம் செய்ய வேண்டி, அங்கு நின்ற சிறுவனிடம் லிங்கத்தைக் கொடுத்தான். சிறுவன் மூன்று முறை கூப்பிட்டுப் பார்த்துவிட்டுக் கீழே வைத்துவிட்டான். கோபத்தில் ராவணன் குட்டிய குட்டின் தழும்பு, மகாகணபதியின் தலையில் இன்றும் இருப்பதாகக் காட்டுகிறார்கள். நின்ற கோலம், இரண்டே கைகள். சின்னப் பையன் என்பதை நம்ப முடிகிறது.

அத்தை என் தோளைத் தட்டினார். "நம்ம திருச்சி உச்சிப் பிள்ளையார் கதைதானே இது? அங்க விபீஷணன் ரங்கநாதரை எடுத்துட்டுப் போறப்போ கீழ வச்சார், குட்டு வாங்கினார். இங்க அண்ணன்காரன் கையால வாங்கியிருக்கார்." எனக்கு அதுவரை தோன்றவேயில்லை. காவிரிக் கரையில் தம்பி, மேற்குக் கடலோரம் அண்ணன்! இருவர் இலங்கைக்குக் கொண்டுபோக இருந்ததையும் இந்த மண்ணிலேயே நிறுத்தியவர் பிள்ளையார். அவருக்கு ஒன்றுக்கு இரண்டாகத் தோப்புக்கரணம் போட்டோம்.

மகாபலேசுவரர் கோயிலில் ஆண்கள் மேல்சட்டையைக் கழற்றிவிட்டு வேட்டியோடுதான் உள்ளே போக வேண்டும். நம் ஊரில் கருவறைக்கு வெளியே நின்று தீபாராதனை பார்த்துப் பழகியவர்களுக்கு, அடுத்து நடப்பது நெஞ்சை உலுக்கும். கருவறைக்குள்ளேயே விடுகிறார்கள். பாணம் நிமிர்ந்து நிற்கும் லிங்கத்தைத் தேடினால் கண்ணுக்கு எதுவும் கிடைக்காது. தாழ்வாக ஒரு பீடம், அதன் நடுவே சிறு குழி, அவ்வளவுதான். குழிக்குள் விரலை விட்டால் ஆத்மலிங்கத்தின் உச்சி தட்டுப்படும். முழு லிங்கத்தையும் அஷ்டபந்தனத்தின்போது, சுமார் 40 ஆண்டுக்கு ஒருமுறைதான் காண முடியுமாம்.

நான் விரலை வைத்தேன். தண்ணீரும் வில்வமும், அதற்கடியில் குளிர்ந்த, மேடுபள்ளமான கல். ராவணன் பிடுங்கப் பார்த்துத் திருகிய கல். அவன் பலம் அத்தனையும் காட்டியும் அசையாததால்தான் இவர் மகாபலர். என்ன வேண்டிக்கொள்ள வேண்டும் என்று யோசித்து வைத்திருந்தது எதுவும் நினைவில் இல்லை. அத்தை குனிய முடியாமல் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்த பட்டர் அவசரப்படுத்தவில்லை. அத்தையின் கையைப் பிடித்து வழிகாட்டினார். அத்தை வாய் திறந்து அந்த அடியைப் பாடினார். பின்னால் நின்ற கன்னடக் குடும்பத்துக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் கைகூப்பி நின்றார்கள்.

அம்மன் தாம்ரகௌரியைத் தரிசித்துவிட்டு, கோடிதீர்த்தக் குளத்தில் முன்னோர் கடன் செய்பவர்களைப் பார்த்தபடி ரதவீதி வந்தோம். சிவராத்திரிக்கு ஓடும் பெரிய தேர் அங்கேதான் நிற்கிறது. கழுத்து நிறைய மணிமாலை அணிந்த, இந்தப் பகுதிப் பழங்குடிகளான ஹாலக்கிப் பெண்களிடம் பூ வாங்கினோம். காடு வளர்த்துப் பத்மஸ்ரீ பெற்ற துளசி கௌடா இவர்கள் இனத்தவர்தான்.

கடற்கரைகளையும் விடக் கூடாது. குட்லேயிலிருந்து குன்றின் மேல் நடந்தால் ஓம் கடற்கரை. மேலிருந்து பார்க்கும்போது கரையின் வளைவு பிரணவ எழுத்தாகவே தெரிகிறது. வெளிநாட்டுப் பயணிகள் நிறையப் பேர். அவர்களும் அந்தக் குன்றில் சும்மா உட்கார்ந்து கடலைப் பார்க்கிறார்கள். எனக்கு அதில் எந்தக் குறையும் தெரியவில்லை. ஊர்க் கடற்கரையின் தென்கோடியில் ராமர் கோயிலும், மலையிலிருந்து விழும் நன்னீர் ராமதீர்த்தமும் உண்டு. உப்புக் காற்றில் நின்று அந்தத் தண்ணீரைக் குடித்துப் பாருங்கள்.

மழைக்காலமான ஜூன் முதல் செப்டம்பர் வரை கடலில் இறங்க வேண்டாம், அலை பொல்லாதது. வயதானவர்களோடு வருபவர்கள் சிவராத்திரிக் கூட்டத்தையும் தவிர்க்கலாம். பிள்ளைகளோடு வருபவர்கள் முதலில் முருடேஸ்வர் போங்கள். ஆத்மலிங்கத்தை மூடியிருந்த துணி விழுந்த இடம் அது. கடலோரத்தில் அமர்ந்த 123 அடி சிவனுக்கு அடியில், குகைக்குள் இந்தக் கதை முழுவதும் சிற்பங்களாக இருக்கிறது. அதைப் பார்த்துவிட்டுக் கோகர்ணம் வந்தால், மகாகணபதி முன்னால் கதை சொல்லும் வேலையைப் பிள்ளைகளே எடுத்துக்கொள்வார்கள்.