ஏழு நாள் பிரஷர் கணக்கு

ஜூன் 2, திங்கள்
காலை 152/96, 146/92. இரவு 144/90, 141/91.

டாக்டர் உடனே மாத்திரை எழுதவில்லை. "ஒரு வாரம் வீட்லயே பாருங்க. காலையில ரெண்டு தடவை, ராத்திரி ரெண்டு தடவை. முதல் நாளைத் தள்ளிட்டு மிச்ச ஆறு நாளுக்குச் சராசரி போட்டு எடுத்துட்டு வாங்க" என்றார். முதல் நாளை ஏன் தள்ளச் சொன்னார் என்று இன்றைக்கே புரிந்துவிட்டது. கையில் பட்டை இறுகத் தொடங்கியதும் நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். அப்பாவுக்கு 41 வயதில் பிரஷர், 58இல் பக்கவாதம். அத்தைக்கு உண்டு, அக்காவுக்கு உண்டு. தம்பிக்கு இல்லை.

அக்காவிடம் ஃபோனில் சொன்னேன். "நம்ம ரத்தத்துலயே இருக்குடா, வராம எங்க போகும்?" என்றாள். கேட்டால் துக்கம் மாதிரித் தெரியவில்லை. சொத்தில் பங்கு கிடைத்தது போல ஒரு திருப்தி. மாத்திரையை வாரத்தில் பாதி நாள் மறப்பவள் அவள்தான்.

ஜூன் 3, செவ்வாய்
காலை 140/88, 134/87. இரவு 138/86, 137/88.

அக்கா சொன்னது மனதில் ஓடிக்கொண்டே இருந்ததால் உட்கார்ந்து படித்தேன். இதே சண்டையை இரண்டு ஆங்கிலேய டாக்டர்கள் பல வருடம் போட்டிருக்கிறார்கள். மான்செஸ்டரின் ராபர்ட் பிளாட் 1947இல், பிரஷர் என்பது ஒரே மரபணுவால் வரும் தனி நோய் என்றார்: குடும்பத்தில் சிலருக்கு அது வரும், சிலருக்கு வராது, நடுவில் ஒன்றும் கிடையாது. ஜார்ஜ் பிக்கரிங் மறுத்தார். மனிதர்களின் உயரம் போலத்தான் ரத்த அழுத்தமும், குள்ளர் முதல் நெட்டையர் வரை இடைவெளி விடாமல் இருப்பார்கள், இதற்கு மேல் நோய் என்று கோடு போடுவது நாம்தான் என்பது அவர் கட்சி.

அக்கா பிளாட் கட்சி. நானும் நேற்றுவரை அப்படித்தான்.

பிக்கரிங் ஜெயித்துவிட்டார், அதுவும் பெரிய வித்தியாசத்தில். 2018இல் 10 லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் மரபணுத் தகவலை வைத்துச் செய்த ஆய்வோடு, ரத்த அழுத்தத்தோடு தொடர்புள்ள மரபணு இடங்களின் எண்ணிக்கை 901 ஆனது. ஒவ்வொன்றும் எவ்வளவு ஏற்றுகிறது என்று பார்த்தால் சிரிப்பு வருகிறது. பெரும்பாலானவை மேல் அளவில் ஒரு புள்ளிகூட ஏற்றுவதில்லை. இன்று காலை ஒரு நிமிட இடைவெளியில் என் மெஷினே 6 புள்ளி மாறியது.

ஆக, அப்பா எனக்குக் கொடுத்தது ஒரு நோயை அல்ல, ஒரு மூட்டைச் சில்லறையை. தம்பிக்கும் அதே மூட்டையிலிருந்துதான் அள்ளிக் கொடுத்தார், ஆனால் வேறு கைப்பிடி. அம்மாவின் மூட்டையும் இருக்கிறது. அதை யாரும் கணக்கில் சேர்ப்பதே இல்லை.

ஜூன் 5, வியாழன்
காலை 136/86, 133/84. இரவு 139/87, 135/86.

பிளாட் முழுக்கத் தோற்கவில்லை. ஒரே மரபணுக் கோளாறால் பிரஷர் எகிறும் குடும்பங்கள் உண்டு, ஆனால் மிக அபூர்வம். அவற்றைப் பற்றிப் படிக்க ஆரம்பித்து இரவு ஒரு மணி ஆகிவிட்டது. டாக்டருக்குத் தெரிந்தால் திட்டுவார்.

கிராண்ட் லிடில் என்ற அமெரிக்க டாக்டர் 1963இல் ஒரு குடும்பத்தைப் பற்றி எழுதினார். இளம் வயதிலேயே கடுமையான பிரஷர், ரத்தத்தில் பொட்டாசியம் குறைவு. உப்பைப் பிடித்துவைக்கும் ஆல்டோஸ்டிரோன் ஹார்மோன் கூடுதலாகச் சுரந்தால் வரும் அறிகுறிகள் எல்லாம் இருந்தன, ஆனால் அந்த ஹார்மோன் அவர்களிடம் மிகக் குறைவு. அந்தக் குடும்பத்துப் பெண் ஒருவருக்குப் பின்னாளில் சிறுநீரகம் செயலிழந்து, மாற்றுச் சிறுநீரகம் பொருத்தினார்கள். பிரஷர் இறங்கிவிட்டது! இதயம் அதேதான், ரத்தக் குழாய்களும் அதேதான், மாறியது சிறுநீரகம் மட்டும். 1994இல் ரிச்சர்ட் லிஃப்டன் குழுவினர் காரணத்தைக் கண்டுபிடித்தார்கள்: சிறுநீரகக் குழாயில் சோடியம் உள்ளே வரும் வாசல், மரபணுப் பிழையால் மூடாமல் கிடக்கிறது. ஒரே மரபணுவால் வரும் இப்படிப்பட்ட பிரஷர் வகைகளில் அநேகமாக எல்லாமே கடைசியில் சிறுநீரகம் உப்பைக் கையாளும் விதத்தில்தான் போய் முட்டுகின்றன.

விலக்கும் உண்டு. துருக்கியில் ஒரு குடும்பத்தை 1973இல் பதிவு செய்தார்கள். விரல்கள் குட்டையாக இருப்பவர்களுக்கெல்லாம் கடும் பிரஷர், விரல் சாதாரணமாக இருப்பவர்களுக்கு இல்லை. சிகிச்சை இல்லாவிட்டால் 50 வயதுக்குள் பக்கவாதத்தில் போய்விடுவார்கள். காரணமான மரபணு பிடிபட 2015 வரை ஆனது. பிடிஇ3ஏ என்று பெயர், அதன் வேலை ரத்தக் குழாய்ச் சுவரில்.

படித்து முடித்ததும் என் விரல்களைப் பார்த்துக்கொண்டேன். சரியான நீளம்தான்.

ஜூன் 6, வெள்ளி
காலை 137/85, 134/86. இரவு பார்க்க மறந்து தூங்கிவிட்டேன். அக்காவைக் குறை சொல்லும் தகுதி போயிற்று.

ஜூன் 7, சனி
காலை 138/87, 135/85. இரவு 136/86, 134/85.

தம்பி வந்திருந்தான். எச்சிலை அனுப்பினால் இதய நோய் வருமா வராதா என்று மரபணு மதிப்பெண் போட்டுத் தருவார்களாம், நாம் மூன்று பேரும் அனுப்பலாம் என்றான். எனக்கு ஆசைதான். ஆனால் அந்த மதிப்பெண்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரின் தரவிலிருந்து உருவானவை, மற்றவர்களிடம் அதே துல்லியம் வருவதில்லை. 2009இல் வெளியான ஒரு கண்டுபிடிப்பைச் சொன்னேன். எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருந்தால் இதயத் தசை பலவீனமாகும் ஆபத்து கூடுகிறது. இந்தியத் துணைக்கண்டத்தில் சுமார் 4 சதவீதம் பேரிடம் அந்தக் குறை இருக்கிறது. ஐரோப்பியர்களை மட்டும் சோதித்துக்கொண்டிருந்தால் கண்ணிலேயே பட்டிருக்காது.

"சரி, அதிக ஆபத்துன்னு வந்தா என்ன பண்ணுவ?" என்று கேட்டேன். "சிகரெட்டை விட்டுடுவேன்" என்றான். குறைவு என்று வந்தால்? பதிலே இல்லை. எனக்குப் பயமே அந்தக் காகிதத்தைத்தான். 2016இல் வெளியான ஆய்வில், மரபணு ஆபத்து மிக அதிகமாக இருந்தவர்களிலேயே, புகைக்காமல், எடை கூடாமல், உடற்பயிற்சியோடு, நல்லபடி சாப்பிட்டு வந்தவர்களுக்கு மாரடைப்பு போன்றவை ஏறக்குறைய பாதிதான் வந்தன.

அவன் போன பிறகு, கெட்ட கொழுப்பின் அளவோடு தொடர்புள்ள பிசிஎஸ்கே9 என்ற மரபணுவைப் பற்றிப் படித்தேன். இந்த மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பிறவியிலேயே வேலை செய்யாத சிலரை அமெரிக்கக் கறுப்பின மக்களிடையே கண்டார்கள். 2006இல் வந்த கணக்குப்படி அவர்களுக்குக் கெட்ட கொழுப்பு 28 சதவீதம்தான் குறைவு, ஆனால் இதய நோய் 88 சதவீதம் குறைவு. அதைப் பார்த்துச் செய்த ஊசி மருந்துகள் 2015இல் சந்தைக்கு வந்தன. அவற்றில் ஒன்றைப் பெரிய சோதனையில் சுமார் இரண்டு வருடம் கொடுத்தபோது கொழுப்பு 59 சதவீதம் இறங்கியது, ஆனால் மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 15 சதவீதம்தான் குறைந்தன. இந்த இரண்டு கணக்கையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறந்த நாளிலிருந்து கொஞ்சம் குறைவாக இருப்பது வேறு, 50 வயதுக்கு மேல் வேகமாக இறக்குவது வேறு. அப்பாவின் 41க்கும் 58க்கும் நடுவிலிருந்த 17 வருடம் ஞாபகம் வந்தது. அவரும் மாத்திரையை விட்டு விட்டுத்தான் போட்டார்.

ஜூன் 9, திங்கள்
சராசரி 136/86. வீட்டில் எடுக்கும் அளவுக்குக் கோடு 135/85. ஒரே ஒரு புள்ளியில் நோயாளி ஆகிவிட்டேன். பிக்கரிங் இருந்தால் சிரித்திருப்பார்.

குடும்ப வரலாறு இருப்பதால் டாக்டர் மாத்திரை எழுதிவிட்டார், குளோர்தாலிடோன், பாதி மாத்திரை. அது என்ன செய்கிறது என்று தேடினேன். சிறுநீரகம் உப்பைத் திரும்ப உறிஞ்சும் ஒரு வழியை அடைக்கிறது. அமெரிக்காவில் தலைமுறைகளாக நடக்கும் இதய நோய் ஆய்வான ஃபிரேமிங்ஹாம் ஆய்வில் இருந்தவர்களைச் சோதித்து 2008இல் ஒன்று கண்டுபிடித்தார்கள்: உப்பை உறிஞ்சும் வேலையில் உள்ள மூன்று மரபணுக்களில் ஒன்றின் ஒரு பிரதி பழுதாகப் பிறந்தவர்களுக்கு வாழ்நாள் முழுக்க பிரஷர் குறைவு. அந்த மூன்றில் ஒன்று, இந்த மாத்திரை அடைக்கும் அதே வழியின் மரபணு. அவர்கள் பிறக்கும்போதே மாத்திரை போட்டுக்கொண்டு வந்தவர்கள். எனக்கு 47 வருடம் தாமதம்.

அக்காவிடம் சொன்னேன். "பாத்தியா, நான்தான் சொன்னேனே, ரத்தம்" என்றாள். 901 இடங்கள், சில்லறை மூட்டை, அம்மாவின் பங்கு என்று நான் ஆரம்பித்ததும், "சரிடா, அந்த மெஷினை ஒரு வாரம் குடு" என்றாள்.

நேற்று மாத்திரை போட்டாயா என்று கேட்டேன். குழந்தை கூப்பிடுகிறது என்று ஃபோனை வைத்துவிட்டாள்.