வளவு வீட்டில் வேலை மேசையை எங்கே போடுவது?

காரைக்குடி, தேவகோட்டை, பள்ளத்தூர்ப் பக்கம் வளவு வீட்டில், அதாவது முற்றத்தைச் சுற்றித் தாழ்வாரமும் அறைகளும் உள்ள பழைய செட்டிநாட்டு வீட்டில், இருந்தபடியே சென்னை, பெங்களூரு கம்பெனிகளுக்கு வேலை பார்ப்பவர்களுக்காக இது.

சீனாவின் சீட்ரிப் பயண நிறுவனத்தின் கால்சென்டரில் நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. வீட்டிலிருந்து வேலை பார்த்தவர்களின் உற்பத்தி 13 சதவீதம் கூடியது என்று பலரும் அதை எடுத்துக்காட்டுகிறார்கள். அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்க்க வேண்டும். அதில் சுமார் 9 சதவீதம் கூடுதல் நேரம் உழைத்ததால் வந்தது. இடைவேளையும் சிக் லீவும் குறைந்தன. வேகம் கூடியதால் வந்தது 4 மட்டும். கலந்துகொண்டவர்களும் தாமாக முன்வந்தவர்கள், வீட்டில் தனி அறை இருந்தவர்கள். ஆக, லாபத்தில் பெரும்பங்கு நாற்காலியை விட்டு எழாததில் கிடைத்தது. அதைச் சுமப்பது முதுகும் கண்ணும்தான்.

கண்ணுக்கு நம் வீடுகளின் முற்றம் பெரிய வரம். ஆனால் முற்றத்தை நேரே பார்த்து உட்கார்ந்தால் வெயில் கூசும், திரை மங்கும். முதுகைக் காட்டி உட்கார்ந்தால் திரையில் வானம்தான் தெரியும். தாழ்வாரத்தில், முற்றம் பக்கவாட்டில் வரும்படி மேசையைப் போடுங்கள். 20 நிமிடத்துக்கு ஒருமுறை, 20 அடிக்கு அப்பால் உள்ள தூணை 20 விநாடி பாருங்கள்.

பழைய தேக்கு மேசை அழகுதான், ஆனால் எழுதுவதற்கென்று செய்தது. 75 சென்டிமீட்டர் உயரத்தில் தட்டச்சு செய்தால் பலருக்கும் தோள் தூக்கிக்கொள்ளும், மாலையில் கழுத்து இறுகும். முழங்கை மேசை மட்டத்துக்கு வரும்வரை நாற்காலியை உயர்த்துங்கள். பாதம் தொங்கினால் தொடையின் அடிப்பக்கம் அழுந்தி மரத்துப்போகும். காலடியில் ஒரு மணைப்பலகை போட்டால் போதும். லேப்டாப்பைப் புத்தகங்கள் மேல் ஏற்றி, திரையின் மேல்விளிம்பைக் கண்மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். அப்போது தனி கீபோர்டும் மவுஸும் கட்டாயம். வழுவழுப்பான ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் சக்கர நாற்காலி நழுவும், கால் தன்னையறியாமல் தரையை ஊன்றிக்கொண்டே இருக்கும். அடியில் ரப்பர் விரிப்பு போடுங்கள்.

கனத்த சுண்ணாம்புச் சுவர் வைஃபையை விழுங்கும், அதன் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையை இன்னும் அதிகமாக. முகப்பில் ரவுட்டர், வீட்டின் உட்பகுதியான இரண்டாம் கட்டுக்குள் மேசை என்றால் தாழ்வாரம் வழியாக லேன் கேபிள் இழுப்பதே சரி. 100 மீட்டர் வரை தாங்கும். ரவுட்டருக்கு ஒரு மினி யுபிஎஸ் வைத்தால் மின்தடையில் அறுந்த மீட்டிங்கை ராத்திரி ஈடுகட்ட வேண்டியதில்லை.

ராத்திரி வேலை வளர்வதுதான் எனக்குப் பெரிய கவலை. வாரம் 55 மணி நேரமும் அதற்கு மேலும் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாத ஆபத்து 35 சதவீதம் அதிகம் என்று உலக சுகாதார நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021இல் கணக்கிட்டன. இடைவேளைகளையும் காலண்டரில் மீட்டிங் போலவே குறித்து வையுங்கள், மற்றவர்கள் அந்த நேரத்தை எடுத்துக்கொள்ள முடியாது.