கண்ணாடிக்குப் பின்னால் ஓடிய சுடுதண்ணீர்

பழைய வண்ணாரப்பேட்டையில் பல வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கும். ஒரு வீட்டுக் குளியலறை கசிந்தால் அடுத்த வீட்டுக் கூடத்தில் ஓதம் தெரியும். அப்படித்தான் எனக்கு அந்த போன் வந்தது.

"தம்பி, பக்கத்து வீட்டம்மா சாமி படம் மாட்டின சுவரு ஊறிப்போச்சுன்னு சண்டைக்கு வர்றாங்க. நீ போட்ட பைப்புதாம்பா லீக் ஆவுது."

பேசியவர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். வீட்டம்மாவுக்கு மூட்டுவலி. அவருக்காகவே வழுக்காத டைல்ஸ், கைப்பிடி, கண்ணாடித் தடுப்பு என்று பார்த்துப் பார்த்துக் கட்டிய குளியலறை அது. பிளம்பிங் முழுக்க என் வேலை. டைல்ஸ் ஒட்டுவதற்கு முன், கசிவு பார்க்கும் டெஸ்ட் பம்பில் 10 கிலோ பிரஷர் ஏற்றி, ராத்திரி முழுக்க விட்டு, காலையில் முள் அசையாமல் நின்றதை அவரிடமே காட்டியிருந்தேன். அதனால் அந்தச் சொல் சுருக்கென்று தைத்தது. ஆனாலும் போனில் வாதாடவில்லை. பம்பை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

பச்சைத்தண்ணீர் லைனையும் சுடுதண்ணீர் லைனையும் தனித்தனியாக அடைத்துப் பம்ப் அடித்தேன். பச்சைத்தண்ணீர் லைன் நின்றது. சுடுதண்ணீர் லைனில் கால் மணி நேரத்துக்குள் முள் 10லிருந்து 6க்கு இறங்கிவிட்டது. அந்தச் சுவருக்குள் நடுவில் ஜாயின்ட் எதுவும் கிடையாது, ஹீட்டரிலிருந்து டைவர்டர் வரை, அதாவது தண்ணீரைக் குழாய்க்கோ ஷவருக்கோ திருப்பிவிடும் வால்வு வரை, ஒரே பைப். நிமிர்ந்து பார்த்தேன். டைவர்டருக்கு நேர் மேலே, கண்ணாடித் தடுப்பைப் பிடிக்கும் கிளாம்ப்.

சுவருக்குள் பைப் பெரும்பாலும் நேர்க்கோட்டில்தான் ஏறும், இறங்கும். குழாய்க்கு நேர் மேலேயும் கீழேயும் ட்ரில் வைக்கக் கூடாது என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். கண்ணாடி வேலைக்கு வந்தவர்களுக்கு அதை யாரும் சொல்லவில்லை. அவர்களும் கேட்கவில்லை.

கண்ணாடி கான்ட்ராக்டருக்கு போன் போட்டேன். "ஆறு மாசம் ஆச்சுண்ணே. ஓட்டை போட்டிருந்தா அன்னிக்கே தண்ணி பீச்சியிருக்கணுமே?" என்றார். நியாயமான கேள்விதான். ட்ரில் போடும்போது வால்வு மூடியிருந்தால் தண்ணீர் வராது. அப்புறம் ஸ்குரூ பிடிக்கச் சுவரில் சொருகும் பிளக்கும் ஸ்குரூவும் இறுகி அந்த ஓட்டையை அவையே அடைத்துக்கொள்ளும். பைப்போ சூட்டில் விரிந்து, ஆறும்போது சுருங்கும். தண்ணீரும் சாதாரணத் தண்ணீர் இல்லை. காட்டுப்பள்ளி ஆலையிலிருந்து 2010 முதல் கடல்நீரைக் குடிநீராக்கி வடசென்னைக்குக் கொடுத்தாலும், பல வீடுகளில் குளிக்க இன்னும் உப்பு போர் தண்ணீர்தான். சாதாரண இரும்பு ஸ்குரூ அதில் எத்தனை நாள் தாங்கும்?

வீட்டுக்கார சாரின் மகன் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்றார். 2019 சட்டப்படி போகலாம், 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணமும் இல்லை. ஆனால் கண்ணாடிக்காரர் பில்லே தரவில்லை. நான் சொன்னது ஒன்றுதான்: அவர் வராமல் சுவரில் உளி வைக்க மாட்டேன். நான் தனியாக உடைத்தால், உடைக்கும்போது விழுந்த ஓட்டை என்று அவர் சொல்லலாம். என் தப்பை அவர் தலையில் கட்டுகிறேன் என்றும் நினைக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தார். கண்ணாடியை அவரே கழற்றினார். லைனில் பிரஷர் ஏற்றிவிட்டு, ஸ்குரூவையும் அவரையே கழற்றச் சொன்னேன். திருப்பத் திருப்பத் துருத்தண்ணீர் டைல்ஸில் கோடாக இறங்கியது. கடைசி மரை விட்டதும் ஊசி மாதிரி தண்ணீர் பீச்சி அவர் சட்டையில் அடித்தது. டைல்ஸை எடுத்தோம். சுடுதண்ணீருக்குப் போடும் கிரீம் நிற சிபிவிசி பிளாஸ்டிக் பைப்பின் ஒரு பக்கம், கம்பாஸ் வைத்து வரைந்த மாதிரி வட்ட ஓட்டை.

கொஞ்ச நேரம் பேசாமல் நின்றார். அப்புறம் மெதுவாகச் சொன்னார். "அன்னிக்கு பையன்தாண்ணே ட்ரில் போட்டான். பிட்டுல வெள்ளையா சுருள் சுருளா வந்துச்சுன்னான். டைல்ஸ் பசைன்னு நெனச்சுட்டேன்."

கலவையும் செங்கல்லும் தூளாகத்தான் கொட்டும். சுருள் வந்தால் அது பிளாஸ்டிக். அந்த நிமிஷம் ட்ரில்லை நிறுத்தி எனக்கு ஒரு போன் போட்டிருந்தால், ஒரு மணி நேர வேலை. கோபம் வந்தது. ஆனால் ஒப்புக்கொள்ளாமலே போயிருக்கக்கூடிய மனிதர் அவர், அதையும் நினைத்துப் பார்த்தேன்.

டைல்ஸ், கொத்தனார் கூலி, பக்கத்து வீட்டுப் பெயின்ட் எல்லாம் அவர் ஏற்றுக்கொண்டார், இரண்டு தவணையில் கொடுத்தும் முடித்தார். பைப் துண்டை வெட்டி இரண்டு கப்ளிங் போட்டுச் சேர்த்த வேலைக்கு நான் கூலி வாங்கவில்லை. சுவரை மூடும் முன் பைப் போகிற பாதையைப் படம் எடுத்து சார் கையில் கொடுத்திருக்க வேண்டியது நான். கொடுக்கவில்லை. இப்போது பைப்பின் மேல் டேப்பை நீட்டிவைத்து, மூலையிலிருந்து எத்தனை இஞ்ச், தரையிலிருந்து எத்தனை இஞ்ச் என்று தெரிகிற மாதிரி படம் எடுத்து வீட்டுக்காரர் போனுக்கு அனுப்பிய பிறகுதான் டைல்ஸ்காரரை உள்ளே விடுகிறேன்.

அந்த வீட்டு டைல்ஸ் அதே லாட்டில் கிடைக்கவில்லை. கடை கடையாக அலைந்தும் பயனில்லை. மாற்றி ஒட்டிய மூன்று மட்டும் ஒரு சாயல் வெளுப்பு. வீட்டம்மா ஒன்றும் சொல்லவில்லை. அங்கே போகும்போதெல்லாம் என் கண் முதலில் அந்த மூன்றின் மேல்தான் போய் நிற்கிறது.