பதுளைக் கோச்சியிலிருந்து ஊட்டி ரயிலுக்கு

இலங்கை மலையகத்தின் அட்டன், நானுஓயா, பண்டாரவளைப் பக்கமிருந்து நீலகிரிக்கு வந்து குடியேறியவர்களும் சரி, இன்று இங்கே சொந்தக்காரர்களைப் பார்க்க வருகிறவர்களும் சரி, மேட்டுப்பாளையத்தில் இறங்கியதும் கேட்பது மலைக்குப் போகும் கோச்சியை, அதாவது ரயிலைத்தான். கோச்சி இருக்கிறது. ஆனால் இலங்கையின் பதுளைப் பாதை மாதிரி தோட்டம் தோட்டமாகப் புகுந்து போகும் பாதை இல்லை இது. மொத்தமே 46 கிலோமீட்டர். குன்னூர் வழியாக ஊட்டியோடு முடிந்துவிடும். நம் ஆட்கள் பெருந்தொகையாகக் குடியேறிய கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கொளப்பள்ளி, கோத்தகிரி எதையும் அது தொடுவதில்லை. இதைத் தெரிந்துகொண்டு புறப்பட்டால் பாதி அலைச்சல் மிச்சம்.

வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1964 அக்டோபர் 30-ல் இலங்கைப் பிரதமர் சிறிமாவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் கையெழுத்திட்ட ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளித் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் பங்கு பிரித்தது. மீதி 1,50,000 பேரை 1974-ல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். அந்த 1964 டிசம்பரிலேயே புயல் தனுஷ்கோடியை அழித்துவிட்டதால், தலைமன்னாரில் ஏறியவர்கள் ராமேஸ்வரத்தில் இறங்கினார்கள். அங்கிருந்து மண்டபம் முகாம். ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்கு ஆள் அனுப்பும்போது நோய் பார்த்து அடைத்துவைத்த அதே முகாம்தான், திரும்பி வந்தவர்களையும் வாங்கி வைத்தது. நீலகிரியில் இவர்களுக்கு வேலை கொடுக்க 1968-ல் அரசுத் தேயிலைத் தோட்டத் திட்டம் தொடங்கியது; பின்னால் அதுதான் டான்டீ என்ற தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகம் ஆனது. ஒதுக்கப்பட்ட நிலத்தில் பெரும்பகுதி ரயில் பாதைக்கு வெகு தொலைவிலிருந்த காட்டு நிலம். ஆகவே அந்தத் தலைமுறையில் பலருக்கு ஊட்டி ரயில் என்பது குன்னூருக்கோ ஊட்டிக்கோ காரியமாகப் போனபோது பார்த்த ஒன்று, அவ்வளவே.

இனி பாதை. நீலகிரிக்கு ரயில் விடும் யோசனை 1854-லேயே எழுந்தது. 1882-ல் சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ரிகன்பாக் வந்து பார்த்துத் திட்டம் கொடுத்தார். 1891-ல் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு வேலையைத் தொடங்கிவைத்தார். எடுத்துச் செய்த முதல் கம்பெனி பணமில்லாமல் நொடித்துப்போக, அடுத்து வந்த கம்பெனி முடித்தது. 1899 ஜூன் 15-ல் குன்னூர் வரை ரயில் ஓடியது. குன்னூருக்கு மேலே ஊட்டி போய்ச் சேர 1908 ஆகிவிட்டது. 2005-ல் யுனெஸ்கோ பாரம்பரியப் பட்டியலில் இடம் கிடைத்தது. பதுளைப் பாதையோ 1885-ல் நானுஓயாவையும் 1894-ல் பண்டாரவளையையும் எட்டிவிட்டு, பதுளைக்குப் போக 1924 வரை எடுத்துக்கொண்டது. இரண்டும் ஏறக்குறைய ஒரே காலத்து வேலை. ஆனால் மலையை ஏறிய விதம் வேறு.

நாவலப்பிட்டியிலிருந்து அட்டன் வரை 34 கிலோமீட்டரில் ஏறுவது சுமார் 680 மீட்டர். கல்லாறிலிருந்து குன்னூர் வரை 20 கிலோமீட்டரில் ஏறுவது 1,300 மீட்டருக்கு மேல். பதுளைப் பாதையில் அதிகபட்ச ஏற்றம் 44-க்கு 1. அந்த அளவுக்கு வெறும் சக்கரமே ஏறிவிடும். ஏற்றம் அதைத் தாண்டாமலிருக்கத்தான் வளைந்து வளைந்து போகிறார்கள். தெமோதரையில் பாதை ஒரு சுற்று சுற்றி ஸ்டேஷனுக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறது. இங்கே ஏற்றம் 12-க்கு 1. இதைச் சக்கரத்தால் ஏற முடியாது. ஆகவே இரு தண்டவாளத்துக்கும் நடுவே பல் வைத்த இரும்புச் சட்டம் பதித்திருக்கிறார்கள். ஒன்றல்ல, பக்கத்தில் பக்கத்தில் இரண்டு. ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் பள்ளம் வரும். எஞ்சினின் பல்சக்கரங்கள் ஒரு பல்லை விடும்போது அடுத்ததைப் பிடித்திருக்கும்; எந்த நொடியும் பிடி விடுவதில்லை. ஆப்ட் முறை என்று இதற்குப் பெயர். கண்டுபிடித்தவரும் சுவிட்சர்லாந்துக்காரர்தான்.

எஞ்சின் விஷயம் இன்னும் சுவையானது. சுவிட்சர்லாந்தின் வின்டர்தூரில் செய்த எக்ஸ் வகை எஞ்சினுக்கு நான்கு சிலிண்டர். மேட்டுப்பாளையம் முதல் கல்லாறு வரை சம தரையில் இரண்டு மட்டும் வேலை செய்து சாதாரணச் சக்கரத்தைச் சுற்றும். பல்சட்டம் தொடங்கியதும், அந்த இரண்டிலிருந்து வெளியேறும் நீராவியை வீணாக்காமல் மற்ற இரண்டுக்கும் திருப்பிவிட்டுப் பல்சக்கரத்தைச் சுற்ற வைப்பார்கள். கல்லாறு தாண்டி வண்டி ஊர்ந்து நுழைவதற்குக் காரணம் பல்லும் பல்லும் சரியாகப் பொருந்த வேண்டும் என்பதுதான். அங்கே சட்டத்தின் முனையை ஸ்பிரிங் மேல் வைத்திருக்கிறார்கள். ஏறும்போது எஞ்சின் எப்போதும் கீழ்ப்பக்கம் நின்று பெட்டிகளைத் தள்ளும். பெட்டி கழன்றாலும் எஞ்சின்மேல்தான் சாயும். முன்னால் என்ன இருக்கிறது என்று டிரைவருக்குத் தெரியாது. ஒவ்வொரு பெட்டியிலும் பிரேக்ஸ்மேன் ஒருவர் நின்று கொடி காட்டுவார். பழைய எஞ்சின்கள் நிலக்கரியில் ஓடியவை. பிறகு எண்ணெய்க்கு மாற்றினார்கள். திருச்சி பொன்மலைப் பணிமனை புதிய எஞ்சின்களும் செய்து கொடுத்திருக்கிறது.

பல்சட்டப் பகுதியில் வேகம் மணிக்கு 13 கிலோமீட்டர்தான். அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று பெயர்கள் வரும். எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்க ஹில்குரோவில் நிற்கும்போது டீ குடிக்கலாம். கையில் பிஸ்கட் வைத்துக்கொண்டு இறங்கினால் குரங்கு வாங்கிக்கொள்ளும். குன்னூரோடு பல்சட்டம் முடிகிறது. அங்கே எஞ்சின் மாற்றி டீசலில் போகும். வெலிங்டனில் ராணுவம், அருவங்காட்டில் வெடிமருந்துத் தொழிற்சாலை, பிறகு கேத்திப் பள்ளத்தாக்கு, லவ்டேல், ஊட்டி. கேத்தியில் கேரட், உருளைக்கிழங்குப் பாத்திகளைப் பார்த்தால் நுவரெலியா நினைவு வராமல் போகாது. வழி நெடுக 208 வளைவு, 16 சுரங்கம், 250 பாலம்.

இலங்கையிலிருந்து வருகிறவர்களுக்கு: கொழும்பிலிருந்து திருச்சிக்கோ மதுரைக்கோ விமானம், இல்லையென்றால் காங்கேசன்துறை–நாகப்பட்டினம் கப்பல். அதற்குப்பின் கோவை. மலை ரயில் காலை 7.10-க்கு மேட்டுப்பாளையத்தில் புறப்பட்டுவிடும். கோவையிலிருந்து பகலில் வரும் பாசஞ்சரை நம்பினால் கிடைக்காது. ஒன்று, சென்னையிலிருந்து இரவில் கிளம்பும் நீலகிரி எக்ஸ்பிரசில் வர வேண்டும். அது கோவையிலும் நின்று, ஆறே கால் வாக்கில் மேட்டுப்பாளையம் சேரும். அல்லது முதல் நாளே மேட்டுப்பாளையத்தில் தங்கிவிட வேண்டும். முன்பதிவு 60 நாளுக்கு முன் திறக்கும். கோடை சீசனுக்கும் பள்ளி விடுமுறைக்கும் திறந்த கையோடு தீர்ந்துவிடும். இந்தியத் தொலைபேசி எண் இல்லாமல் இணையத்தில் பதிவு செய்வது தலைவலி. இங்குள்ள மாமாவோ சித்தப்பாவோ எடுத்துத் தருவதுதான் சுலபம். பெயரை மட்டும் கடவுச்சீட்டில் உள்ளபடி எழுதச் சொல்லுங்கள். முன்பதிவில்லாத இடங்கள் கொஞ்சம்தான். அதற்கு விடியற்காலையிலேயே வரிசை நிற்கும்.

டிக்கெட் கிடைக்காவிட்டால் பெரிய நஷ்டமில்லை. குன்னூர்–ஊட்டி இடையே பகலில் பல ரயில்கள் ஓடுகின்றன. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்குப் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து ரயில் பிடிக்கலாம். பல்சட்டம்தான் பார்க்கக் கிடைக்காது. கோத்தகிரி போகிறவர்களுக்கு ரயிலே வேண்டாம்: மேட்டுப்பாளையத்திலிருந்து 33 கிலோமீட்டர், நேரடிப் பஸ். கூடலூர், பந்தலூர் என்றால் ஊட்டி போய், நடுவட்டம் இறக்கத்தில் கூடலூருக்கு இன்னும் 50 கிலோமீட்டர்; பந்தலூர் அதற்கும் அப்பால். மதியம் ஊட்டியில் இறங்கி உடனே பஸ் ஏறினாலும் சேரம்பாடி சேரும்போது மாலையாகிவிடும். சொந்த வண்டியிலோ வாடகைக் காரிலோ வந்தால் இ-பாஸ் என்ற நுழைவு அனுமதி எடுக்க வேண்டும். அரசுப் பஸ்ஸிலும் ரயிலிலும் வருகிறவர்களுக்கு அது தேவையில்லை.

ரயில் பயணம் கெடுவது பெரும்பாலும் மழையால்தான். இலங்கை மலையகத்தின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டுவதுபோல இங்கே கூடலூர், பந்தலூர் நனையும். அந்த ஜூன், ஜூலையில் கல்லாறு–குன்னூர்ச் சரிவு ஓரளவு தப்பிவிடும். அதற்கு ஆபத்து அக்டோபர் முதல் டிசம்பர் வரை, வடகிழக்கு மழையில். மண் சரிந்தோ பாறை உருண்டோ பல்சட்டத்தில் விழுந்தால், தண்டவாளத்தை நிமிர்த்துவது மட்டும் போதாது. வளைந்த சட்டத்தை மாற்றிப் பல் பொருந்துகிறதா என்று பார்த்த பிறகே வண்டி விடுவார்கள். அதனால்தான் ரோடு மறுநாளே திறந்தாலும் ரயில் நாள்கணக்கில் நிற்கிறது. 2009 நவம்பர் சரிவு மாவட்டத்தையே முடக்கியது. மழை இல்லாத நாளிலும், ஏற்றத்தில் நீராவி குறைந்தால் வண்டி நின்று அழுத்தம் ஏறும்வரை காத்திருக்கும். கல்லாறு பக்கம் யானை குறுக்கிட்டாலும் அப்படித்தான். ஆகவே மாலையில் கோவையில் ரயிலோ விமானமோ பிடிக்க வேண்டியவர்கள், 2 மணிக்கு ஊட்டியில் கிளம்பி ஐந்தரைக்கு மேல் மேட்டுப்பாளையம் சேரும் இறங்கு ரயிலை நம்பக் கூடாது. ரயில்வேயே ரத்து செய்தால் டிக்கெட் பணம் முழுதாகத் திரும்பும். அன்றைக்கு ஊட்டி பஸ் நிலையத்தில் கூட்டம் நெரியும். குன்னூர் வரை ஏதாவது ஒரு பஸ்ஸில் இறங்கி, அங்கிருந்து மேட்டுப்பாளையம் வண்டி பிடிப்பது விரைவு.