ஒன்பதாவது வாசல்: மறுபார்வைக் குறிப்புகள்

மார்ச் 3
ரோமன் பொலான்ஸ்கியின் 'தி நைன்த் கேட்' (1999), தினமும் கொஞ்சமாக. தொடக்கத்தில் வசனமே இல்லை. ஒருவர் கடிதம் எழுதிவிட்டுத் தூக்கில் தொங்குகிறார். கேமரா அவரை விட்டுவிட்டு அலமாரியைத் தேடிப் போகிறது. புத்தக வரிசையில் ஓர் இடைவெளி. அந்த இருட்டுக்குள் புகுந்ததும் டைட்டில். பிணத்தைவிட அந்தக் காலியிடம்தான் அடிவயிற்றைப் பிசைகிறது.

மார்ச் 4
இன்று பார்த்தது தங்கம். 1666-இல் வெனிஸில் அச்சான சாத்தான் நூல். மிச்சம் மூன்றே பிரதிகள், ஒவ்வொன்றிலும் ஒன்பது படங்கள். புத்தகத் தரகர் கோர்சோ (ஜானி டெப்), தன்னை அமர்த்திய பணக்காரச் சேகரிப்பாளர் பால்கனுக்காக அவற்றைப் பூதக்கண்ணாடியோடு ஒப்பிடுகிறார். ஒரே படம்தான், ஆனால் கிழவர் கையிலுள்ள சாவி கை மாறியிருக்கிறது. பிரதிக்கு மூன்று படங்களில் 'எல்.சி.எஃப்.' (லூசிஃபர், அதாவது சாத்தான்) என்று கையொப்பம். மூன்றையும் சேர்த்தால் ஒன்பது. நாமும் அவரோடு சேர்ந்து எண்ணுகிறோம். சஸ்பென்ஸ் என்றால் இதுதான்.

மார்ச் 6
சறுக்கல். கோர்சோவின் நண்பர் பெர்னி கொலையாகித் தலைகீழாகத் தொங்கியபோது, சாத்தான் நூலின் படத்தில் இருந்தபடியே நடந்ததால் மனித வேலையா, வேறெதுவுமா என்ற சந்தேகம் உயிரோடு இருந்தது. பாரிஸ் ஆற்றங்கரைச் சண்டையில், கோர்சோவைக் காக்கும் அந்த மர்மப் பெண் அந்தரத்தில் மிதந்து இறங்குகிறாள், சந்தேகம் செத்தது. இப்படியொரு காவல் இருக்கும்போது கோர்சோவுக்கு என்ன ஆபத்து? 'ரோஸ்மேரிஸ் பேபி'யில் (1968) தொட்டிலுக்குள் எட்டிப் பார்க்கும் தாயின் முகத்தைக் காட்டினார், குழந்தையைக் காட்டவில்லை. அதே கை இதை எடுத்தது என்பதுதான் வருத்தம்.

மார்ச் 7
சறுக்கலின் வேர் திரைக்கதையில். மூல நாவலான, ஸ்பானிய எழுத்தாளர் பெரஸ்-ரெவெர்ட்டேயின் 'எல் கிளப் டூமா'வில் (1993) இரண்டு மர்மங்கள்: ஒன்று சாத்தான் நூல், மற்றது பிரெஞ்சு நாவலாசிரியர் அலெக்சாந்தர் டூமாவின் கையெழுத்துப் பிரதி. இரண்டும் ஒன்றே என்று கோர்சோ தப்புக்கணக்குப் போடுவதுதான் நாவலின் பொறி. படம் டூமாவை வெட்டிவிட்டு, டூமா மர்மத்தைச் சேர்ந்த பாத்திரமான லியானாவை மட்டும் சாத்தான் கூட்டத்துக்குள் செருகியது. அங்கி போட்ட கூட்டத்தின் நடுவே பால்கன் புகுந்து அவளைக் கொல்லும் காட்சி ஒட்டாமல் நிற்பது அதனால்தான். அங்கே யாரும் பயமுறுத்தவில்லை, பயமும் இல்லை.

மார்ச் 8
ஒன்பது படங்களையும் வைத்துச் சாத்தானின் வாசலைத் திறக்கப் பால்கன் செய்த சடங்கு ஏன் தோற்றது என்பதற்குப் படத்தில் காரணம் உண்டு: ஒன்பதாவது படம் போலி. நல்ல முடிச்சு. ஆனால் அசல், காலியான கடையில் அலமாரியை நகர்த்தும்போது மேலிருந்து தானாக விழுகிறது. சாவி எந்தக் கையில் என்று பார்த்துப் பார்த்துக் கண்டுபிடித்தவருக்கு, கடைசிப் படத்தைக் கண்டுபிடிக்க வேலையே கொடுக்கவில்லை. காசுக்காக வந்த மனிதர் எப்போது அந்த வாசலை விரும்பத் தொடங்கினார்? அதற்கும் ஒரு காட்சி இல்லை. கோட்டைக் கதவு திறக்கிறது, திரை முழுக்க வெளிச்சம், பெயர்கள் ஓடுகின்றன.