அக்கா மகனை இல்லத்தில் சேர்த்த கதை

என் அக்கா மகனுக்கு அப்போது பதினைந்து வயது. அக்கா வீட்டுக்காரர் இறந்து இரண்டு வருடம் ஆகியிருந்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் அக்கா நைட் ஷிப்ட் பார்த்துவிட்டு வரும்போது பையன் வீட்டில் இருக்க மாட்டான். ஒன்பதாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. வாய்க்குள் எப்போதும் புகையிலை. பீரோவில் வைத்த பணம் காணாமல் போகும், கேட்டால் கையில் கிடைத்ததை எடுத்து வீசுவான்.

யோசனை சொல்லாத ஆளில்லை. "ஸ்டேஷன்ல சொல்லி ரெண்டு நாள் உள்ள வைங்க, சரியாயிடும்" என்றார் ஒருவர். இன்னொருவர் ஒரு தனியார் விடுதியைக் காட்டினார். அடித்துத் திருத்திவிடுவார்களாம், அதையே பெருமையாகச் சொன்னார்கள். பதிவுச் சான்று இருக்கிறதா என்று கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளைத் தங்கவைக்கும் எந்த இல்லமும் 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி பதிவு செய்திருக்க வேண்டும். இல்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும். இது தெரியாமல் மாதாமாதம் பணமும் கட்டி, பிள்ளையை அடி வாங்க விடுகிற பெற்றோர் நிறைய.

வழி காட்டியது அவனுடைய பழைய பள்ளி ஆசிரியை. குழந்தைகள் உதவி எண்ணான 1098க்குப் போன் செய்யுங்கள் என்றார். காணாமல் போன குழந்தைகளுக்கான எண் என்றுதான் நான் நினைத்திருந்தேன். விவரமெல்லாம் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்கள். அப்புறம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து வீட்டுக்கே வந்து பேசினார்கள். போதைப் பழக்கத்தில் சிக்கிவிடும் நிலையில் இருக்கும் பிள்ளையும் சட்டப்படி பாதுகாப்பு தேவைப்படும் குழந்தைதான் என்று அவர்கள் சொன்ன பிறகுதான் அக்காவுக்கு அழுகை நின்றது. அவள் பயந்தது வேறு. பையனைக் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள், பெயர் கெட்டுவிடும் என்று நினைத்திருந்தாள். கூர்நோக்கு இல்லம் குற்ற வழக்கில் சிக்கிய சிறார்களுக்கு. பாதுகாப்பு தேவைப்படும் பிள்ளைகளுக்கான குழந்தைகள் இல்லம் அதிலிருந்து வேறு.

இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி முடிவெடுக்கும் குழந்தைகள் நலக் குழு முன்னால் ஆஜரானோம். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள், மாஜிஸ்திரேட் அதிகாரம் உள்ள அமர்வு. ஆனால் கூண்டும் கறுப்புக் கோட்டும் கிடையாது. ஒரு அறை, ஒரு நீள மேஜை, அவ்வளவுதான். எங்களை வெளியே உட்காரச் சொல்லிவிட்டு அவனிடம் தனியாகப் பேசினார்கள். விவரம் தெரிந்த வயதுப் பிள்ளை என்றால் அவன் விருப்பத்தையும் கேட்டுத்தான் உத்தரவு போட வேண்டுமாம். போகிறவர்கள் ஆதார், பள்ளி மாற்றுச் சான்றிதழ், பிறப்புச் சான்றிதழ், தகப்பன் இல்லையென்றால் இறப்புச் சான்றிதழ் எல்லாவற்றையும் நகலோடு கையில் வைத்துக்கொள்ளுங்கள். விசாரணை நடக்கும் காலத்துக்கு அவனை ஒரு குழந்தைகள் இல்லத்தில் தங்கவைக்கச் சொன்னார்கள். நன்னடத்தை அலுவலர் வீடு, அக்கம்பக்கம், பள்ளி என்று விசாரித்து எழுதிய சமூக விசாரணை அறிக்கையைப் பார்த்துத்தான் இறுதி உத்தரவு வந்தது.

முதல் மாதம் நரகம். போனில் "மாமா, கூட்டிட்டுப் போயிருங்க, ஓடிருவேன்" என்று அழுவான். அடுத்த வாரம் கூட்டிப்போகிறோம் என்று பொய்யாக வாக்குக் கொடுக்காதீர்கள் என்று இல்லத்து ஆற்றுப்படுத்துநர், அதாவது கவுன்சிலர், கண்டித்துச் சொல்லியிருந்தார். புகையிலை இல்லாத எரிச்சலுக்கு அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்கு அழைத்துப் போனார்கள். அத்தனை பிள்ளைகளுக்கும் அந்த ஒரே ஆற்றுப்படுத்துநர்தான். அவர் விடுப்பில் போனால் அந்த வாரம் பேச ஆளில்லை. சுவரேறிக் குதித்து ஓடிய பையன்களும் உண்டு. இல்லம் என்றால் மந்திரக்கோல் என்று யாரும் நினைக்க வேண்டாம்.

அவனைத் திருப்பியது அறிவுரை இல்லை. அறிவுரையை அவன் வீட்டிலேயே வயிறு முட்டக் கேட்டிருந்தான். இல்லங்களில் பிள்ளைகளே சேர்ந்து குழந்தைகள் குழு வைத்துக்கொள்ளச் சட்டம் சொல்கிறது. சாம்பார் தண்ணியாக இருக்கிறது என்று அங்கே இவன் சண்டை போட, "சரி, நீயே பொறுப்பு எடு" என்று சமையல் சாமான் அளந்து கொடுக்கும் வேலையைத் தந்துவிட்டார்கள். பருப்புக் கணக்கு நோட்டைப் பொக்கிஷம் மாதிரி வைத்திருந்தான். அவனை நம்பி யாரும் ஒரு சாவியைக் கொடுத்தது அதுதான் முதல் தடவை. அப்புறம் போர்வெல் மோட்டார் பழுதாகி, காயில் கட்ட வந்த எலக்ட்ரீஷியன் பின்னாலேயே டெஸ்டரைத் தூக்கிக்கொண்டு சுற்றினான். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் ஒன்று எழுதுவார்கள். அதில் 'எலக்ட்ரீஷியன், ஐடிஐ' என்று எழுதச் சொன்னது அவனேதான்.

ஐடிஐயில் அந்தப் பிரிவுக்குப் பத்தாம் வகுப்பு வேண்டும். தனித்தேர்வராக எழுத இல்லத்திலேயே ஏற்பாடு செய்தார்கள். முதல் முறை நேரடியாக எழுதுகிறவர்கள் அறிவியல் செய்முறை வகுப்புக்கு முன்கூட்டியே பதிந்து முடித்திருக்க வேண்டும், இதைப் பலர் தவறவிடுகிறார்கள். கணக்கில் போனான். ஜூலை துணைத்தேர்வில் தேறினான்.

இதற்கிடையே எங்கள் வீட்டையும் சரிசெய்ய வேண்டியிருந்தது. என் அம்மா கோபம் வந்தால் அவனை "அப்பனை முழுங்குனவன்" என்பார். ஆற்றுப்படுத்துநரிடம் அவன் முதலில் சொன்னதே அதைத்தான். அம்மாவைக் கூப்பிட்டனுப்பி, அவன் முன்னாலேயே பேசவைத்தார்கள். கிழவி அன்று வாயே திறக்கவில்லை. அடுத்த முறை முறுக்குச் சுட்டு எடுத்துக்கொண்டு போனார்.

பிள்ளையை மறுபடி குடும்பத்தோடு சேர்ப்பதுதான் இல்லத்தின் முதல் நோக்கம் என்று சட்டமே சொல்கிறது. அதனால் குழந்தைகள் நலக் குழுவின் உத்தரவோடு அவன் வீடு திரும்பினான். திரும்பிய பிறகும் அலகிலிருந்து வந்து விசாரித்தார்கள். கணவரை இழந்த தாய் என்பதால் மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத் தொகைக்கு எழுதிக் கொடுத்தோம். ஆண்டு வருமானம் நகரத்தில் 96,000, கிராமத்தில் 72,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. வருமானச் சான்றிதழுக்கு அலைந்ததைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

இப்போது ஐடிஐயில் முதல் வருடம். புகையிலை விட்டுவிட்டான் என்று சொல்கிறான், நான் பாதி நம்புகிறேன். இப்போதைய சண்டையெல்லாம் பைக்குக்காக. பதினெட்டு முடிந்து லைசென்ஸ் எடுத்துவிட்டு வா, பார்க்கலாம் என்று அக்கா சொல்லியிருக்கிறாள்.