வளைந்த எல்லையும் காணாமல் போன மின்னூட்டமும்

ஒரே அச்சில் ஒன்றினுள் ஒன்றாக இரு கடத்திகள் அமைந்த கோஆக்சியல் கேபிள் ஒன்றின் மின்தேக்குத்திறனை (ஒரு வோல்ட்டுக்கு அது தேக்கும் மின்னூட்டத்தை), இடத்தைச் சிறு முக்கோணங்களாகப் பிரித்துத் தீர்க்கும் ஃபைனைட் எலிமென்ட் முறையில் கணக்கிட்டேன். உள்கடத்தியின் ஆரம் 1 மி.மீ., வெளிக்கடத்தியின் உள் ஆரம் 3 மி.மீ., இடையில் வெற்றிடம். காஸ் விதிப்படி விடை மீட்டருக்கு 50.6 பிகோஃபாரட். உள்கடத்தியின் பரப்பில் மின்பாயத்தை (மின்னூட்டத்தைத் தரும், பரப்பிலிருந்து வெளிப்படும் மின்புலத்தின் மொத்த அளவை) கூட்டியபோது எனக்குக் கிடைத்ததோ ஏறத்தாழ 41. மின்னழுத்தத்தின் வண்ணப்படத்தில் குறையே தெரியாததால், பிழையைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆயிற்று.

முதலில் வடிவத்தைத்தான் சந்தேகித்தேன். மெஷ் (முக்கோண வலை) போடும்போது வட்டம் பலகோணமாகிவிடுகிறது. 8 பக்கங்கள் என்றால் சுற்றளவு 2.55 சதவீதம் குறையும், 16 என்றால் 0.64 சதவீதம். நான் வைத்திருந்தவை 32. அவ்வளவு பெரிய இழப்புக்கு அது காரணமாக முடியாது.

உண்மையான காரணம் மின்புலத்தைக் கணக்கிட்ட விதத்தில் இருந்தது. நேரியல் முக்கோணத்துக்குள் மின்னழுத்தம் ஒரே சரிவில் மாறுவதால் மின்புலம் முழுவதும் ஒரே மதிப்பாகிறது. கேபிளிலோ மின்புலம் மையத்திலிருந்து விலக விலகக் குறைகிறது. பரப்பிலிருந்து 0.5 மி.மீ. வரை நீளும் முக்கோணம் அந்தத் தடிமனுக்கான சராசரியையே தருகிறது. முனைகளின் (முக்கோண மூலைகளின்) மின்னழுத்தம் துல்லியமாகவே இருந்தாலும், அது பரப்பின் மதிப்பில் 81 சதவீதம்தான்.

எல்லையில் சரிவைக் கணக்கிடாமலே பாயத்தைப் பெற வழி உண்டு. மின்னழுத்தத்தை நாமே நிர்ணயித்த எல்லை முனைகளுக்குரிய சமன்பாடுகளைத் தீர்வின்போது ஒதுக்கிவைக்கிறோம் அல்லவா? தீர்வு கிடைத்தபின் அவற்றில் மின்னழுத்தங்களைப் பதிலிட்டால் மிஞ்சும் எச்சமே அந்தந்த முனையின் மின்னூட்டம். இதற்குப் பரப்புக்குச் செங்குத்தான திசையைக் காட்டும் வெக்டரே தேவையில்லை என்பதால், பலகோணத்தின் மூலைகளில் அதன் திசை சட்டென்று மாறும் தொல்லையும் இல்லை. எச்சங்களைக் கூட்டியபோது, அதே மெஷ்ஷில் விடை 51-ஐ ஒட்டி வந்தது. சேமிக்கப்பட்ட ஆற்றலின் இரு மடங்கை மின்னழுத்த வேறுபாட்டின் வர்க்கத்தால் வகுத்தாலும் இதே எண்தான் வரும். முக்கோணங்களைப் பாதியாக்கினால் இம்முறையின் பிழை ஏறத்தாழ கால் பங்காகிறது. பரப்பில் மின்புலத்தைக் கூட்டும் நேரடி முறையில் பாதியாகத்தான் குறைகிறது.

இந்த எச்சங்களின்படி இரு கடத்திகளின் மின்னூட்டங்களும் ஒன்றையொன்று முழுமையாக ஈடுசெய்கின்றன. அதை மெஷ்ஷின் தரத்துக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது. மிகக் கரடுமுரடான மெஷ்ஷிலும் அது நிகழும். அதனால் இப்போதெல்லாம் இரு முறைகளிலும் பாயத்தைக் கணக்கிட்டு, இடைவெளி பெரிதாக இருந்தால் வளைந்த எல்லையை ஒட்டிய முதல் அடுக்கை மெலிதாக்குகிறேன்.